பிள்ளை உடைத்தால் தகப்பன் கொடுக்க வேண்டுமா?

(ஈப்போவில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

1968-ஆம் ஆண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். எனக்கு வயது பத்து. பள்ளி விட்டதும் நாங்கள் நான்கைந்து பேர் உண்டிவில்லோடு மரக்காட்டுக்குள் போய், பால் மங்குகளைக் குறிவைத்து அடித்தோம். பன்னிரண்டு மங்குகள் தூளாயின. சம்பள நாளன்று என் தகப்பனார் கூலியில் மங்குக் கணக்குப் பிடிக்கப்பட்டிருந்தது. அவர் கிராணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதம் கடைப் பாக்கி அடையவில்லை. என்னை அவர் அடிக்கவுமில்லை. அதுதான் இன்றும் வலிக்கிறது.

தோழர்களே! பல ஆண்டுகள் கழித்தே ஓர் உண்மை எனக்குத் தெரிந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் முதலாளி இஷ்டம்போல் கை வைக்க முடியாது. எவ்வெவற்றுக்குப் பிடிக்கலாம் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. பிள்ளை செய்த சேதம் அந்த வரிசையில் இல்லை. அச்சட்டம் அப்போதும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நாம்தான் அறியாதிருந்தோம். இப்படிப் பிடித்தால் தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் முறையிடுங்கள்.

அப்படியானால் தகப்பனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. அது எப்போது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்விஷயத்தில் நம் நாடு இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தைத் தழுவி நிற்கிறது. பெற்றவர் என்ற ஒரே காரணத்தால் யாரும் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. பெற்றவரின் சொந்தக் கவனக்குறைவு இருந்தால்தான் பொறுப்பு.

இங்கிலாந்தில் இரண்டு வழக்குகள் நடந்தன. 1916-இல் ஒரு தகப்பன் 15 வயது மகனுக்குக் காற்றுத் துப்பாக்கி கொடுத்திருந்தார். அண்டை வீட்டு ஜன்னல் உடைந்தது. துப்பாக்கியை அழித்துவிடுவதாகச் சொன்னார், அழிக்கவில்லை. பிறகு வேறொரு பையனின் கண்ணில் காயம் பட்டது. தகப்பன் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. 1952 வழக்கிலும் காற்றுத் துப்பாக்கிதான், கண் காயந்தான். ஆனால் அந்தத் தகப்பன், வீட்டு நிலவறைக்கு வெளியே சுடக் கூடாது என்று மகனிடம் வாக்கு வாங்கியிருந்தார். அவர்மேல் பொறுப்பு விழவில்லை. வித்தியாசம் விளங்குகிறதல்லவா?

குற்ற வழக்கானால் வேறு. 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி, பிள்ளைக்கு விதிக்கும் அபராதத்தையும் நஷ்டஈட்டையும் பெற்றோரே செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். பிள்ளையைக் கவனிக்கத் தவறவில்லை என்று காட்டினால் அதிலிருந்து விலக்குக் கிடைக்கும்.

இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டோம். உண்டிவில் போய் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. கடைக்குப் போய்வரத்தானே என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சாவி கொடுக்கிறோம். 16 வயது நிரம்பாதவர் சாலையில் மோட்டார் வண்டி எதுவும் ஓட்டக் கூடாது என்பது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்ட சொந்தக்காரரும் குற்றவாளியே. விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கவோ, கொடுத்ததை உங்களிடமே திருப்பிக் கேட்கவோ இடமுண்டு. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் இன்ஷூரன்ஸ், பிறருடைய உயிருக்கும் உடலுக்கும் மட்டுமே. அவர்களுடைய காருக்கோ சுவருக்கோ அல்ல.

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் பின்னிரவில் சைக்கிள் ஓட்டிய எட்டுச் சிறுவர்கள் காரில் அடிபட்டு மாண்டார்கள். காரோட்டியின் வழக்கு 2023 வரை நீண்டு விடுதலையில் முடிந்தது. போன பிள்ளைகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

ஆகையால் மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறேன். வண்டிச் சாவியைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். இன்ஷூரன்ஸ் பத்திரத்தைப் படித்து, விளங்காததைக் கேட்டுக் கையெழுத்திடுங்கள். பிள்ளை எதையாவது உடைத்துவிட்டது என்று யாராவது காகிதம் நீட்டினால், பயந்து உடனே கையெழுத்துப் போடாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நியாயமாகக் கொடுக்க வேண்டியதைத் தலைநிமிர்ந்து கொடுப்போம். கொடுக்க வேண்டாததை என் தகப்பனாரைப் போல் வாய் மூடிக் கொடுக்க மாட்டோம்.