ஐந்து பந்தயங்களுக்காக ஒரு வாழ்நாள்

போட்டி ஒன்றில் முதலாவதாக வந்தவரின் பெயரை ஊரெல்லாம் அறியும். கடைசியாக வந்தவரின் பெயரை அவருடைய வீட்டாரே அறிவர். கடைசியாக வந்த ஒருவரின் கதையையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம். மோட்டார்ப் பந்தயங்களுள் தலையாயதாகிய பார்முலா ஒன்னில் அவர் ஓட்டிய பந்தயம் ஒன்றே ஒன்று. அதில் அவருக்குக் கிட்டியது 11-ஆம் இடம். ஓட்டி முடித்தவர்களுள் அதுவே கடைசி இடம். அவர் பெயர் ரோலண்ட் ராட்ஸன்பர்கர்.

ஆஸ்திரிய நாட்டில் ஸால்ஸ்பர்க் என்னும் நகரம் உண்டு. சங்கீத மேதை மோட்ஸார்ட் பிறந்த ஊர் என்று உலகம் அதனைப் போற்றுகிறது. அவ்வூரில் 1960-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் ராட்ஸன்பர்கர் பிறந்தார். பந்தய வண்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை இளமையிலேயே அவரைப் பற்றிக்கொண்டது. ஆசைக்கேற்ற செல்வம் அவருக்கு வாய்க்கவில்லை. இவ்விளையாட்டில் திறமை ஒரு கால், பணம் மற்றொரு கால். ஒற்றைக் காலால் நெடுந்தூரம் நடப்பது அரிது. ஆகவே பிழைப்பைத் தேடிப் புறப்படுவார் போல அவரும் ஊரை விட்டுப் புறப்பட்டார்.

முதலில் இங்கிலாந்து சென்றார். அங்கே 1986-இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் நடந்த பார்முலா போர்ட் விழாப் பந்தயத்தில் வெற்றி கண்டார். இளம் ஓட்டுநர்களுக்கு அது பெரியதொரு நற்சான்று. எனினும் மேற்படிகளின் கதவு திறக்கவில்லை. பின்னர் ஜப்பானுக்குச் சென்று, மொழியும் உணவும் வேறான அந்நாட்டில் ஆண்டுக்கணக்கில் கூலிக்கு வண்டி ஓட்டினார். 1993-இல் பிரான்ஸ் நாட்டின் லெமான் நகரில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில் டொயோட்டா வண்டியொன்றை மற்றும் இருவருடன் மாறி மாறி ஓட்டி, ஐந்தாம் இடத்தைப் பெற்றார். சொந்த ஊரை விட்டு வந்து, பிறர் மண்ணில் நம் உழைப்பால் ஒரு பெயரைத் தேடிக்கொள்ளும் நமக்கு இந்த அலைச்சலின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இதனிடையே காலம் அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. பந்தயக் குழுக்கள் இளைஞர்களையே நாடுவன. முப்பதைத் தாண்டிய புதியவரை ஏறெடுத்தும் பாரா. அதனால் தாம் பிறந்தது 1962-இல் என்று அவர் சொல்லிவந்தார். இரண்டே ஆண்டுப் பொய். அவர் மறைந்தபோது செய்தித்தாள்கள் சிலவும் அவருக்கு வயது 31 என்றே எழுதின, உண்மையில் 33. அப்பொய்யை நாம் மெச்சவில்லை. ஆயினும் வாசற்கதவு மூடப்படுவதைக் கண்டு ஓடி வருகின்றவனின் பதைபதைப்பை அதில் காண்கிறோம்.

கடைசியில் 1994-இல் கதவு திறந்தது. ஸிம்டெக் என்னும் புதிய குழு அவ்வாண்டு முதன்முதலாகக் களத்தில் இறங்கிற்று. பணமும் ஆளும் குறைந்த சிறு குழு. அதில் ஐந்து பந்தயங்களுக்கு மட்டும் ராட்ஸன்பர்கருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அதற்குள் தம் திறமையை மெய்ப்பிக்க வேண்டும். இல்லையேல் மீண்டும் பழைய அலைச்சல்.

பார்முலா ஒன்னில் விரும்பியவரெல்லாம் பந்தயத்தில் நின்றுவிட முடியாது. அந்நாளில் 28 வண்டிகள் வந்தன, இடமோ 26-க்குத்தான். பந்தயத்திற்கு முன் நடைபெறும் தகுதி ஓட்டத்தில் மிகப் பின்தங்கிய இருவர் வீடு திரும்ப வேண்டியதே. பிரேஸில் நாட்டில் நடந்த முதற் பந்தயத்தில் அவருக்கு அக்கதியே நேர்ந்தது. அடுத்தது ஜப்பானில் ஆயிடா என்னுமிடத்தில் ஏப்ரல் 17-ஆம் நாள். அங்கே 26-ஆவது இடத்தில், அதாவது கடைசி வரிசையில் நின்று புறப்பட்டு, முதல்வரைவிட ஐந்து சுற்றுகள் பின்தங்கி ஓட்டி முடித்தார். பத்தாண்டு உழைப்பின் பயன் அது.

மூன்றாவது களம் இத்தாலியில் இமோலா. ஏப்ரல் 30, சனிக்கிழமை. தகுதி ஓட்டத்தின்போது ஒரு வளைவில் அவருடைய வண்டி பாதையை விட்டு விலகி மீண்டும் ஏறிற்று. அப்போது முன்புறத்துச் சிறகு பழுதுற்றது. இச்சிறகின் வேலை யாதெனில், விமானத்தின் இறக்கை மேலே தூக்குவதற்கு நேர்மாறாக, காற்றின் விசையால் வண்டியின் மூக்கைத் தரையோடு அழுத்துவதாகும். அவ்வழுத்தம் இருந்தால்தான் முன்சக்கரங்கள் ஓட்டுநரின் சொற்படி திரும்பும். நின்று பழுது பார்த்திருக்கலாம். ஆனால் கடைசி இடத்திற்காகப் போராடுபவருக்கு ஒவ்வொரு சுற்றும் பொன் அன்றோ? அவர் நிற்கவில்லை. அடுத்த சுற்றில், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், சிறகு முறிந்து வண்டியின் அடியில் சிக்கிற்று. வண்டி திரும்ப மறுத்து, வில்னெவ் வளைவிலே சுவரில் மோதிற்று. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து அவர் உயிர் நீத்தார்.

நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. விபத்துக்கு முன் அவர் ஓட்டியிருந்த நேரமே 26-ஆம் இடத்தைப் பெறப் போதுமானதாயிருந்தது. மறுநாள் 25 வண்டிகளே புறப்பட்டன.

அம்மறுநாள், மே முதல் தேதி, அதே களத்தில் மூன்று முறை உலக வெற்றி வீரரான பிரேஸிலின் அயர்ட்டன் ஸென்னா மாண்டார். உலகம் முழுவதும் அழுதது. அந்த அழுகையின் பேரொலியில் முதல்நாள் மரணம் மறைந்துபோயிற்று. ஆனால் ஸென்னா மறக்கவில்லை. அவருடைய வண்டியில் ஆஸ்திரியக் கொடி ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பந்தயம் முடிந்ததும் ராட்ஸன்பர்கரின் நினைவாக அதனை உயர்த்திப் பிடிக்க எண்ணியிருந்தார் அவர்.

மே 7-ஆம் நாள் ஸால்ஸ்பர்க்கில் இறுதிச் சடங்கு நடைபெற்றது. உலக மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் அப்போதைய தலைவர் மாக்ஸ் மோஸ்லி அதற்குச் சென்றார். எல்லோரும் ஸென்னாவின் சடங்கிற்குச் சென்றபடியால், ஒருவரேனும் இதற்குச் செல்வது முக்கியம் என்று தாம் கருதியதாகப் பிற்காலத்தில் அவர் விளக்கினார். அடுத்த மாதம் லெமானில், அவர் ஓட்டுவதாயிருந்த டொயோட்டா வண்டியின் மேல் அவர் பெயரை அழிக்காமலே விட்டனர். அவ்வண்டி இரண்டாவதாக வந்தது.

அவருடைய வாழ்வு வீணாயிற்றா என்று நாம் கேட்டுக்கொள்ளலாம். அந்த இரு மரணங்களை அடுத்து, ஓட்டுநர்கள் தம் பாதுகாப்பின்பொருட்டுத் தங்கள் சங்கத்தை மீண்டும் நிறுவினர். வண்டிகளின் வேகத்தைக் குறைக்கவும், ஆபத்தான வளைவுகளை மாற்றவும் விதிகள் பிறந்தன. மோதும்போது தோள் பட்டையிலே நிற்கத் தலை மட்டும் முன்னே பாய்வதால்தான் மண்டையடி முறிகிறது. அதனைத் தடுக்கத் தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் சாதனம் ஒன்று 2003 முதல் பார்முலா ஒன்னில் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் எத்தனையோ ஓட்டுநர்கள் நொறுங்கிய வண்டியிலிருந்து தம் காலாலேயே நடந்து வெளியேறியிருக்கின்றனர்.

நேயர்களே, பெருநகர் ஒவ்வொன்றிலும் இத்தகையோர் நம்மிடையே உளர். தாமதமாக வாய்த்த சிறு வாய்ப்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, கடைசி வரிசையில் நின்று உழைப்பவர்கள். அவர்களுடைய வண்டியில் ஒரு சிறகு பழுதானால், நின்று அதனைச் சரிசெய்துகொள்ளும் அவகாசத்தை அவர்களுக்குத் தருவது உடனிருப்பவர்களின் கடமை. முதலில் வருபவரை வாழ்த்துவோம். கடைசியில் வருபவரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.