தேயிலை என்னும் சீனச் சொல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் சீனச் சொல்லுக்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவினர். என் பிழை ஒன்றைத் திருத்திக்கொள்ளவே வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், "தேய்த்துச் சுருட்டப்படும் இலையாதலின் தேயிலை" என்று பொருள் கூறினேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டனர். அது தவறு.

தேயிலையில் 'இலை' மட்டுமே நம்முடையது. 'தே' என்பது சீனத்தின் தென்கிழக்கிலுள்ள ஃபூஜியன் கரையோர வழக்கு. அக்கரை வணிகரிடம் கேட்ட அச்சொல்லை டச்சுக்காரர் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். ஆங்கிலேயரின் 'டீ'யும் அதுவே. சீனத்தின் பிற பகுதிகள் பலவற்றில் வழங்குவது 'சா'. மக்காவிலிருந்த போர்த்துக்கீசியர் அதனைக் கைக்கொண்டனர்; தரைவழியே பாரசீகம் சென்றது 'சாய்' ஆயிற்று. நம் மறையூர்க் கடைத்தெருவில் நின்று கேளுங்கள். மலையாள அன்பர் குடிப்பது 'சாயா'. மூணாற்று மலையில் கிள்ளும் இலையோ அவருக்கும் 'தேயில'தான்!

ஒலி இரண்டாயினும் சீனத்தில் எழுத்து ஒன்றே. மேலே புல்லைக் குறிக்கும் உறுப்பு; நடுவே மனிதன்; கீழே மரம். புல்லுக்கும் மரத்துக்கும் இடையே நிற்கும் மனிதன் என்று சீனரே நயம்படக் கூறுவர். கேட்க இனிது, ஆனால் எழுத்தின் பிறப்பு அதுவன்று. 'தூ' என்னும் கசப்புக் கீரையைக் குறித்த பழைய எழுத்தே முன்பு தேயிலைக்கும் வழங்கிற்று. தாங் மரபினர் ஆண்ட காலத்தில், கி.பி. 8-ஆம் நூற்றாண்டையொட்டி, அதில் ஒரு கோடு குறைந்து தேயிலைக்குத் தனி எழுத்து நிலைபெற்றது. லூ யூ என்னும் புலவர் தேயிலைக்கென்றே நூல் இயற்றியதும் அந்நூற்றாண்டில்தான். நடுவிலுள்ள மனிதன் பின்னாளில் கண்ட உருவம்; என் 'தேய்த்தல்' போன்றவன்.

சென்ற வாரம் வகுப்பில் இவற்றைச் சொல்லி, பழைய குறிப்பை அடித்துவிடச் சொன்னேன். ஒரு சிறுமி மட்டும் அடிக்கவில்லை. அவளுடைய பாட்டி மூணாற்றுத் தோட்டத்தில் நெடுங்காலம் கொழுந்து கிள்ளியவர்.

"தேயும்னு பாட்டி சொன்னாங்க, ஐயா. கைதான் தேயும்" என்றாள்.

நான் விடை கூறவில்லை. கரும்பலகையில் அந்தச் சீன எழுத்தை எழுதி, மனிதன் நிற்கும் இடத்தைக் காட்டினேன்; பிறப்பு அதுவன்று என்று மறுபடியும் சொன்னேன். அவள் தலையசைத்துக்கொண்டே எழுத்தைப் பார்த்து வரைந்தாள். அதனடியில் 'பாட்டி' என்று எழுதிக்கொண்டாள்.