ஒவ்வொன்றாய்க் கோடிடுவோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

புகழனைத்தும் ஏக இறைவனுக்கே உரித்தாகுக.

சற்று முன்னர் பொருளாளர் அவர்கள் நம் ஜமாஅத்தின் ஓராண்டு வரவு செலவை வாசித்தார்கள். ஒவ்வோர் இனமாகக் கேட்டோம். ஓர் இனத்தில் நூறு ரூபாய் வேறுபட்டாலும் எழுந்து நின்று விளக்கம் கேட்கும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. பொதுப்பணம் அமானிதமன்றோ! ஆனால், நம் ஒவ்வொருவரின் ஓராண்டு வாழ்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை எழுதியவர் யார்? வாசிப்பவர் யார்? விளக்கம் கேட்பவர் யார்? இதுகுறித்தே சில வார்த்தைகள் பேச விழைகிறேன்.

நம் பகுதி இளைஞர்கள் பலர் வெளிநாடு செல்லுகையில் மனத்திற்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பயணத்திற்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டும். தங்கையின் நிக்காஹ்வை முடிக்க வேண்டும். ஊரில் ஒரு வீடு கட்ட வேண்டும். பெற்றோரை ஹஜ்ஜுக்கு அனுப்ப வேண்டும். இவை ஹலாலான இலட்சியங்கள். இவற்றுக்காக வெயிலிலும் தனிமையிலும் அவர்கள் உழைக்கும் உழைப்பு போற்றுதலுக்குரியது.

எனினும், அந்தப் பட்டியல் முழுவதும் நிறைவேறி, ஊர் திரும்பிய பின்பு நிகழ்வதையும் நாம் காண்கிறோம். பாகப்பிரிவினையில் ஒரு சாண் நிலத்திற்காக உடன்பிறந்தவனோடு பேச்சு நின்றுவிடுகிறது. இருவரும் ஒரே சஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். சலாம் கொடுத்த பின்பு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறுகிறார்கள். கடனும் வீடும் பட்டியலில் இருந்தன. கோபமும் பொறாமையும் அதில் இல்லை. நாம் அடைய வேண்டியவற்றை எழுதிக் கொள்கிறோம். நம்மை விட்டு அகற்ற வேண்டியவற்றை எழுதிக் கொள்வதில்லை.

இதற்கு வழிகாட்டியவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். கி.பி. 1058-இல் தூஸ் நகரில் பிறந்து 1111-இல் மறைந்தவர்கள். பாக்தாத் நகரின் புகழ்மிக்க நிஜாமிய்யா மத்ரஸாவில் தலைமை ஆசிரியராக வீற்றிருந்தபோது, தம் போதனையின் நோக்கமே பதவியும் புகழும்தானோ என்று தம்மையே விசாரித்தார்கள். ஏறத்தாழ ஆறு மாதங்கள் போவதா, இருப்பதா என்று தவித்தார்கள். பாடம் நடத்தவும் இயலாமல் நாவு கட்டுண்டது. இறுதியில் 1095-இல் பதவியைத் துறந்து டமாஸ்கஸுக்கும் பைத்துல் முகத்தஸுக்கும் புனித ஹஜ்ஜுக்கும் புறப்பட்டார்கள்.

அன்னாரின் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூல் 40 நூல்களின் தொகுப்பு. அவற்றுள் 39-ஆவது, சிந்தனை பற்றியது. அதிலே இமாம் அவர்கள் ஒவ்வொருவரையும் ஓர் ஏடு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அழிவில் ஆழ்த்தும் குணங்கள் பத்து, ஈடேற்றம் தரும் குணங்கள் பத்து. அவற்றை அதில் எழுதி, நாள்தோறும் தன்னை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அகற்ற வேண்டிய பத்து: கஞ்சத்தனம், ஆணவம், தன்னைக் குறித்த வியப்பு, முகஸ்துதி நாடுதல், பொறாமை, கடுங்கோபம், உணவில் பேராசை, சிற்றின்பத்தில் பேராசை, பொருளாசை, பதவிப் புகழாசை.

அடைய வேண்டிய பத்து: பாவத்திற்கு வருந்துதல், சோதனையில் பொறுமை, இறைவிதியில் திருப்தி, அருட்கொடைக்கு நன்றி, அச்சமும் ஆதரவும் சமநிலையில் இருத்தல், உலகப் பற்றின்மை, செயலில் இக்லாஸ், மக்களிடம் நற்குணம், இறைநேசம், உள்ளச்சம்.

பத்தாவதாக நிற்கும் பதவிப் புகழாசையைக் கவனியுங்கள். பாக்தாதில் அன்னாரை உறங்கவிடாத நோய் அதுவே. நோயை அறிந்தவர் எழுதிய பட்டியல் இது.

இனி, செயல்முறைக்கு வருவோம். தீய குணங்களுள் ஒன்று நீங்கிவிட்டால் ஏட்டில் அதன்மீது கோடிட்டு, அதைப்பற்றிய சிந்தனையை விடுத்து, அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்த வேண்டும். இது தன் சாமர்த்தியத்தால் ஆனதன்று, அவனுடைய தவ்ஃபீக்கினால் ஆனது என்று உணர வேண்டும். பின்னர் எஞ்சிய ஒன்பதின் பக்கம் திரும்ப வேண்டும். நற்குணங்களிலும் இவ்வாறே. கோடிட்டவன் 'நான் வென்றுவிட்டேன்' என்று பூரித்தால், பட்டியலின் மூன்றாவது இனத்தை மறுபடியும் எழுத வேண்டியதாகிவிடும்!

ஒவ்வொன்றாக என்பதே இதில் உயிர்நாடி. ரமளானில் பத்துத் தீர்மானங்களை ஒரே இரவில் எடுக்கிறோம். ஷவ்வால் பிறையோடு அவை மறைகின்றன. விவசாயப் பெருமக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடையாகிய நம் கீழ்வேளூர்ப் பக்கம் நீர் வந்து சேர நாள் ஆகும். வந்த பின்பும் நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, அறுவடை என்று வரிசை உண்டு. ஒரே நாளில் நட்டு அறுத்தவர் எவருமில்லை.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706-1790) தம் சுயசரிதையில் இத்தகைய ஒரு முயற்சியை விவரித்துள்ளார். 13 நற்பண்புகளைச் சிறு புத்தகத்தில் எழுதி, வாரத்திற்கு ஒன்றில் கருத்தைச் செலுத்தி, தவறிய இடத்தில் கரும்புள்ளி இட்டு வந்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. அவற்றுள் ஒழுங்குமுறையே தம்மை மிகவும் வருத்தியது என்கிறார். இமாம் அவர்கள் மறைந்து ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பின், வேறொரு கண்டத்தில், வேறொரு நோக்கில் நின்றவரும் ஒன்றன்பின் ஒன்று என்ற வழியையே கண்டார்.

கோடிடுமுன் ஒரு சோதனையும் உண்டு. நஃப்ஸின் வாக்குமூலத்தை நம்பலாகாது என்கிறார்கள் இமாம் அவர்கள். 'எனக்கு ஆணவமில்லை' என்று அது சொன்னால், முன்னோர் செய்ததுபோல் ஒரு விறகுக்கட்டைச் சுமந்து கடைவீதியில் நடந்து பார்க்க வேண்டும். இன்று நாம், அறிந்தவர் அனைவரும் பார்க்க, ரேஷன் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக் கடைத்தெரு வழியே வந்து பார்க்கலாம். 'எனக்குக் கோபமில்லை' என்று சொன்னால், பிறர் சினந்து பேசும் இடத்தில் வாய்மூடி நின்று பார்க்க வேண்டும்.

மேலும், ஒவ்வொரு கூட்டத்தாரிடமும் ஒருவகைக் குற்றம் மிகுந்திருக்கும். அவரவர் அதையே தேடிப் பார்க்க வேண்டும் என்பது அன்னாரின் அறிவுரை. அதற்கு அவர்கள் முதலில் எடுத்துக்காட்டியது ஆலிம்களையே! போதனையாலும் பயானாலும் பெயர் தேடுதல் எங்கள் கூட்டத்தின் நோய். வணிகர் தம் தராசைப் பார்க்கட்டும். நிலமுடையோர் வரப்பையும் நீர்முறையையும் பார்க்கட்டும். பொறுப்பில் இருப்போர், பெயர்ப்பலகை இல்லாவிடினும் இப்பணியைச் செய்வோமா என்று பார்க்கட்டும்.

அடைய வேண்டிய பத்தைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று எண்ணிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26-இல் நம் கடற்கரையை ஆழிப்பேரலை வாரிச் சென்றது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் ஓரிரவில் தோப்புகளைச் சாய்த்தது. நாள் குறித்துச் சோதனை வருவதில்லை. வந்த நாளில் பொறுமையைத் தேடிக்கொண்டிருக்க நேரமுமில்லை. அமைதியான நாள்களில் சிறு சிறு இழப்புகளில் பழகி வைத்திருந்தாலே அன்று அது கைகொடுக்கும்.

அன்பர்களே! இன்று இஷாவுக்குப் பின் ஒரு தாளை எடுங்கள். இருபதையும் எழுதுங்கள். அவற்றுள் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எது உங்களுக்கு எழுதவே கூசுகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள், காட்டினால் முகஸ்துதி வந்து சேரும். உறங்குமுன் அன்றைய பொழுதை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொறாமையையோ கோபத்தையோ எழுதியவர்கள், இந்த வாரமே அந்த மற்றொரு வாசல் வழியாக வெளியேறி, அங்கே நிற்கும் சகோதரனுக்கு முதலில் சலாம் சொல்லிவிடுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் கோடிட வேண்டாம், மறுநாளும் சொல்லுங்கள்.

நாளை மறுமையில் நம் ஏடு நம் கையில் தரப்படுமுன், நம் ஏட்டை நாமே வாசித்துத் திருத்திக்கொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.