கோயில் கதவு அடைத்திருக்கும்போது
(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி மேடையில் கோயிலின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதைக் கட்ட மண் சுமந்தவர்களையும் மணி வாங்கித் தந்தவர்களையும் நன்றியோடு நினைப்பது நம் கடமை. ஆனால் இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. கோயிலுக்கு வர இயலாத நாளில் கிறிஸ்தவன் எவ்வாறு இறைவனை வழிபடுவான்? விழா நாளில் இது எதற்கு என்று யாரும் எண்ண வேண்டாம். 2020-ஆம் ஆண்டில் நாம் எல்லாருமே இந்தக் கேள்விக்கு விடை தேடினோம்.

அவ்வாண்டு மார்ச் 25-ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. ஏப்ரல் 5-இல் குருத்தோலைப் பவனி இல்லை. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு இல்லை. ஏப்ரல் 12-இல் உயிர்ப்புத் திருநாள் வந்தது. குருக்கள் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துப் பூசை வைத்தார்கள். உரோமையிலும் இதே நிலைதான். மார்ச் 27-ஆம் நாள் மாலை, கொட்டும் மழையில், ஆளரவமற்ற புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நின்று உலகுக்கு நற்கருணை ஆசீர் அளித்ததை நாம் மறக்க முடியாது. நம் குற்றாலத்திலும் சாரல் பெய்தது, அருவி கொட்டியது. குளிக்கத்தான் யாருக்கும் அனுமதி இல்லை. அந்த நாட்களில் நம் பெரியவர்கள் சிலரை அடக்கம் செய்தோம். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது விதி. உறவினர் பலர் தத்தம் வீட்டிலிருந்தே செபமாலை சொல்லி அவர்களை வழியனுப்பினார்கள். அந்தச் செபத்தை இறைவன் கேட்டிருக்க மாட்டாரா?

கேட்டார் என்றே நம் முன்னோரின் வரலாறு சொல்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் ஊர் ஊராக நடந்தார்; எந்த ஊரிலும் நெடுநாள் தங்க அவரால் இயலவில்லை. ஆகவே செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மக்களுக்கு மனப்பாடம் செய்வித்து, ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்துச் சென்றார். பிற்காலத்தில் உபதேசியார்கள் அப்பணியைத் தொடர்ந்தார்கள். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1830-களின் இறுதியில் அச்சபையார் மீண்டும் மதுரை மிஷனுக்கு வரும்வரை, இப்பகுதியில் குருக்கள் மிகச் சிலரே. எத்தனையோ ஊர்களில் பூசை என்பது அபூர்வம். விசுவாசம் மட்டும் அணையவில்லை. காரணம், அந்தி சாய்ந்ததும் வீட்டில் விளக்கேற்றிச் செபம் சொன்ன தாய்மார்கள்.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1658-இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கு இடமில்லை. 1687-இல் புனித யோசேப் வாஸ் பிச்சைக்காரர் கோலத்தில் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை வைத்தே அவர் தம் மக்களை அடையாளம் கண்டார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவும் பூசையும் இல்லை. ஆயினும் செபமாலையை மறக்காத வீடுகள் இருந்தன! நமக்கு இன்னும் அருகே, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற புனித தேவசகாயம், 1749 முதல் தம் இறுதி மூன்றாண்டுகளைக் கைதியாகவே கழித்தார். விலங்கு பூண்டிருந்த இடமே அவருக்குக் கோயிலாயிற்று. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

திருச்சபைச் சட்டமும் இதற்கு வழி சொல்லியே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1248-ஆம் பிரிவு, குரு இல்லாமையாலோ வேறு கனமான காரணத்தாலோ ஞாயிறு திருப்பலி காண இயலாதவர்கள், இறைவார்த்தை வழிபாட்டில் கலந்துகொள்ளவும், தனியாகவோ குடும்பமாகவோ பல குடும்பங்கள் சேர்ந்தோ செபத்தில் நேரம் செலவிடவும் பெரிதும் பரிந்துரைக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று போற்றிற்று.

அப்படியானால் வீட்டிலேயே செபித்துக்கொள்ளலாமே, கோயில் எதற்கு என்று கேட்பாரும் உண்டு. 2020-க்குப் பிறகு தொலைக்காட்சிப் பூசையே போதும் என்று இருந்துவிட்ட வீடுகளும் உண்டு. அவர்களுக்கு நம் ஊர்த் தண்ணீரை வைத்தே பதில் சொல்வோம். குற்றால மலையில் விழும் நீர் சிற்றாறாக ஓடி வந்து நம் குளங்களை நிரப்புகிறது. குளம் இல்லையேல் அருவி நீர் முழுதும் ஓடிப் போகும். அடுத்த மாதம் வயலுக்குச் சொட்டு நீர் இராது. அருவியே வேண்டாம், குளம் போதும் என்றாலோ குளம் வறண்டு வெடித்துவிடும். திருப்பலி அருவி, குடும்பச் செபம் குளம். குளம் வெட்டாத வீடுகள் 2020-இல் தவித்ததைக் கண்டோம். அருவியை மறந்த வீடுகள் இப்போது வறள்வதையும் காண்கிறோம். தொலைக்காட்சிப் பூசை நோயாளிக்கு மருந்து. நடக்க முடிந்தவனுக்கு அது சாக்கு. வர இயலாமை வேறு, வர மனமில்லாமை வேறு.

வர இயலாதவர்கள் யார்? பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கும் பெரியவர், அவரை விட்டு நகர முடியாத மருமகள், சீசன் காலத்தில் ஞாயிறன்றும் கடையை விட்டு வர முடியாத குற்றாலத்துக் கடைப் பையன், விடியற்காலையில் வண்டியெடுத்து ஆரியங்காவு தாண்டும் லாரி ஓட்டுநர். நமக்கு ஊரடங்கு முடிந்துவிட்டது. இவர்களுக்கு இன்னும் முடியவில்லை. 2023 டிசம்பர் 17, திருவருகைக்கால மூன்றாம் ஞாயிறு, தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டி வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய நாள் இனியும் வரும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் எளிய முறை ஒன்றைச் சொல்கிறோம். கோயிலுக்கு வர இயலாத ஞாயிறன்று, பூசை நேரத்திலேயே பாடுபட்ட சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுங்கள். வீட்டில் உள்ள எல்லாரும் உட்காருங்கள். உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லுங்கள். அன்றைய நற்செய்தியைப் பிள்ளைகளில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். சற்று நேரம் பேசாமல் இருங்கள். பிறகு நோயாளிகளுக்காகவும், பங்குக்காகவும், இறந்தவர்களுக்காகவும் மன்றாடுங்கள். பரலோக மந்திரம் சொல்லி, ஆண்டவரை உள்ளத்தில் வரவேற்று ஞான நன்மை வாங்குங்கள். இதற்கு அரைமணி நேரம் போதும். அன்றே பக்கத்து வீட்டு நோயாளி ஒருவரைப் போய்ப் பாருங்கள், அதுவும் வழிபாடே.

பங்கு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. யூபிலி நினைவாக நாம் கோபுரத்துக்கு வர்ணம் பூசினோம், நல்லதே. அதோடு, கோயிலுக்கு வர இயலாதவர்களின் பெயர்களை ஒவ்வோர் அன்பியமும் எழுதிப் பங்குத் தந்தையிடம் தரட்டும். மாதம் ஒருமுறையேனும் நற்கருணை அவர்கள் வீடு தேடிச் செல்லட்டும். அவஸ்தைப்பூசுதலுக்குக் கடைசி மூச்சுவரை காத்திராமல் நேரத்தோடு சொல்லி அனுப்புவோம். அவர்கள் வாசலை நாம் மிதிக்காவிட்டால், நம் கோயில் வாசல் திறந்திருந்தும் அவர்களுக்கு அது அடைத்த கதவே.

கோயில் மணி அடிக்கும்போது வரக்கூடியவர் அனைவரும் வருவோம். வர முடியாதவர் வீட்டில் அந்த ஓசை கேட்டதும் ஒரு மெழுகுதிரி எரியட்டும். கோயிலும் வீடும் சேர்ந்து செபிக்கும் பங்காக நம் பங்கு வளர, தேவமாதாவின் மன்றாட்டால் ஆண்டவர் அருள்புரிவாராக!