கல்லீரல் கொழுப்பும் நம்ம பொடி டப்பாவும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உற்பத்திக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



மூலிகையும் கல்லீரலும் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் டாக்டர் இல்லீங்க. பொடி அரைக்கிறவ. ஆனா இந்த விஷயத்துல அடிபட்டவ.

மூணு வருஷம் முன்னாடி வயித்து வலின்னு ஸ்கேன் எடுத்தேன். கல்லு எதுவும் இல்லை, கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. அந்தச் சீட்டை அரிசி டப்பாவுக்கு அடியில ஒளிச்சு வச்சேன். ஏன்னா, ஈரல் கெட்டுப்போச்சுன்னா குடிக்கிற ஆளுன்னுதானே நம்ம ஊர்ல நினைப்பாங்க? பொம்பளைக்கு அது வந்தா என்ன பேசுவாங்கன்னு பயம்.

குடிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லாமலும் வரும்னு பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். நாம சாப்பிடுற சோறு, சர்க்கரை எல்லாம் உடம்புக்குத் தேவையானதுக்கு மேல போனா, மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பா மாத்தும். அதுல ஒரு பங்கு அங்கேயே தங்கிடும். கல்லீரல் எடையில 5 சதவீதத்துக்கு மேல கொழுப்பு சேர்ந்தா அது நோய். பெரும்பாலும் வலி இருக்காது. சிலருக்கு அது வீக்கமாகி, தழும்பாகி, கடைசியில கல்லீரல் சுருங்குற வரைக்கும் போகும். சர்க்கரை நோயும் தொப்பையும் இருக்கிறவங்களுக்கு ஆபத்து கூடுதல்.

ஒரு கணக்கு சொல்றேன், குழுக் கணக்கு மாதிரியே போட்டுப் பாருங்க. நாளைக்கு நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம்னு வச்சா நாளைக்கு 40 கிராம். மாசம் 1,200 கிராம். இது டீயில மட்டும்!

நான் இந்தக் கணக்கைப் போடலை. போன்ல வந்த விளம்பரத்தைப் பார்த்து மஞ்சள் மாத்திரை வாங்கினேன். மஞ்சள்தானே, என்ன செஞ்சிடப் போகுதுன்னு. ரெண்டு மாசத்துல உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் அடர் மஞ்சளாப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா, "என்னென்ன சாப்பிடுறீங்களோ எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கம்மா"ன்னாங்க. டப்பாவைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்தின பிறகுதான் ரத்தப் பரிசோதனையில அளவு மெல்ல மெல்ல இறங்குச்சு.

நம்ம மஞ்சள் எப்படி எதிரியாச்சு? 100 கிராம் மஞ்சள்ல குர்குமின்ங்கிற சத்து ஏறத்தாழ 3 கிராம்தான். 500 மில்லிகிராம் குர்குமின் இருக்கிற ஒரு மாத்திரைன்னா, அது கிட்டத்தட்ட 16 கிராம் மஞ்சளுக்குச் சமம். குழம்புக்குப் போடுற சிட்டிகை எங்கே, இது எங்கே! அதோட மிளகுச் சத்தையும் சேர்த்திருந்தாங்க. மிளகுல இருக்கிற பைப்பரின் சேர்ந்தா குர்குமின் ரத்தத்துல ஏறுறது சுமார் 20 மடங்கு கூடும்னு பெங்களூருல 1998லேயே ஆராய்ந்து சொல்லியிருக்காங்க. இத்தாலியில 2019ல மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, அரசே எச்சரிச்சது. கிரீன் டீயும் அப்படித்தான். குடிக்கிறதுல பயமில்லை, அதைச் சுண்டவச்ச மாத்திரையிலதான் பயம்.

அப்போ செடி கொடியெல்லாம் வீணான்னு கேட்காதீங்க. குர்குமினால கல்லீரல் அளவுகள் கொஞ்சம் குறைஞ்சதாச் சொல்ற சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு. முருங்கைக்கீரையிலயும் வெங்காயத்துலயும் இருக்கிற குவெர்செட்டின், நெல்லிக்காயோட துவர்ப்பு, வெந்தயத்தோட நார்ச்சத்து எல்லாமே நல்லதுதான். ஆனா அது வேலை செய்யுறது தட்டுல இடம் பிடிக்கும்போதுதான். ஒரு கரண்டி சோறு குறைஞ்சு அந்த இடத்துல கீரை வந்தா லாபம். மூணு கரண்டி சோறும் சாப்பிட்டு மேல ஒரு ஸ்பூன் பொடி போட்டா என்ன லாபம்?

கீழாநெல்லி பத்தியும் கேப்பீங்க. அதைச் சென்னையில ஆராய்ந்து 1988ல வெளியிட்டது ஹெபடைடிஸ் பி கிருமிக்காக, கொழுப்புக்காக இல்லை. கிருமி விஷயத்துலயும் பிறகு மத்த ஊர்கள்ல செஞ்ச ஆய்வுகள்ல அதே பலன் கிடைக்கலை.

என் எடை 68 கிலோ. சோத்தைப் பாதியாக்கி, டீயில சர்க்கரையை விட்டு (முதல் பத்து நாள் மகாக் கொடுமை), சாயங்காலம் கண்மாய்க் கரையில நடந்து, ஒரு வருஷத்துல 5 கிலோ குறைச்சேன். எடையில 5 சதவீதம் குறைஞ்சாலே கல்லீரல் கொழுப்பு குறையும். 7லிருந்து 10 சதவீதம்னா வீக்கமும் குறைய வழியுண்டு. அடுத்த ஸ்கேன்ல கொழுப்பு குறைஞ்சிருந்தது. அந்தச் சீட்டை ஒளிக்கலை, மாமியார்கிட்டயே காட்டினேன்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். நம்ம கறிவேப்பிலை–நெல்லிப் பொடியில "கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும்"னு அச்சடிச்சுக் கொடுத்தா இரண்டு மடங்கு எடுத்துக்கிறேன்னு ஒரு வியாபாரி கேட்டிருக்கார். கடன் தவணை இருக்கு, எனக்கும் தெரியும். அரைக்கிற கூலி எனக்கும் வேணும். ஆனா உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும்னு லேபிள்ல போடச் சட்டம் அனுமதிக்கலை. அதைவிட, அந்த வரியை நம்பி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகாம சீட்டை ஒளிச்சு வச்சா? அவ நான்தான். அடுத்த செயற்குழுவுல இது வருது. தீர்மானப் புத்தகத்துல என் எதிர்ப்பை எழுதிக்கோங்க. சோத்துக்கு ருசியான பொடின்னு போடுவோம், அது உண்மை.

வெளியில மேசையில முருங்கைப் போத்தும் கீரை விதையும் வச்சிருக்கேன், ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கோங்க. ஸ்கேன் சீட்டு வீட்ல ஒளிஞ்சிருக்கிறவங்க யாராவது இருந்தா, மத்தியானச் சாப்பாட்டுக்கு என் பக்கத்துல வந்து உட்காருங்க.