பக்கத்துப் பட்டறை
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் ஏ.எல்.லோடு படிப்பை விட்டவன். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மெசினில் நிற்கிறேன். அங்கே கண்ட ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். எங்கட மெசினில் அச்சு உடைந்தால் திருத்துகிற பட்டறை கிட்டத்தான் இருக்கு. இரும்பு தாறவரும் லொறிக்காரரும் அப்படித்தான். 1965இல் கனடாவும் அமெரிக்காவும் வாகன ஒப்பந்தம் செய்த பிறகு தென் ஒன்ராறியோவில் இந்தத் தொழில் இப்படித் திரண்டு வளர்ந்தது. இன்று றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே அறோறாவில் தலைமையகம் வைத்திருக்கும் மக்னா, 1957இல் ரொறன்ரோவில் ஒரு சின்னப் பட்டறையாகத் தொடங்கியதுதான்.

தமிழ்நாட்டில் திருப்பூரைப் பாருங்கோ. ஒருவர் பின்னுவார், ஒருவர் சாயம் போடுவார், இன்னொருவர் வெட்டித் தைப்பார். சிறியவர்கள் சேர்ந்து உலகத்துக்கு பனியன் அனுப்புகிறார்கள். ஆனால் சாயத்தண்ணீர் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. 2011இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தப் பாடத்தையும் நாங்கள் மறக்கக்கூடாது.

எங்கட மண்ணிலும் இது இருந்ததுதான். ஆனையிறவு உப்பு பரந்தனில் கோஸ்டிக் சோடாவாகவும் குளோரினாகவும் மாறியது. கோஸ்டிக் சோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் வேண்டிய சரக்கு. யுத்தம் அந்தச் சங்கிலியை அறுத்தது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் 1990இல் நின்றுபோனது.

இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதியளவு உடுப்பும் தேயிலையும்தான். 2022இல் டொலர் இல்லாமல் சனம் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றதை ரெலிபோனில் கேட்டு நாங்கள் கவலைப்பட்டோம். சின்ன நாட்டுக்கு இரண்டு கால் போதாது.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது. பனங்கட்டி, ஒடியல், பினாட்டு, தும்பு, ஓலை வேலை என்று எங்களிட்டைப் பொருள் இருக்கு. ஆனால் ஒரு பெட்டி பனங்கட்டி கனடாக் கடைத் தட்டுக்கு வர, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் லேபிள் வேணும், சுத்தம் பார்க்கிற பரிசோதனை வேணும், ஈரம் பிடிக்காத பொதி வேணும். இதுகளை ஒரு வீட்டுக்காரர் தனியே செய்யேலாது. பத்து ஊர் சேர்ந்து ஒரு பரிசோதனைக்கூடம், ஒரு பொதிசெய்யும் இடம், ஒரு திருத்துகிற பட்டறை வைத்தால் செய்யலாம்.

நாங்கள் ஊருக்கு அனுப்பும் காசு வீட்டுக்கும் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போகுது. பிழையில்லை. அதில் ஒரு பங்கு இப்படிப் பொதுவான பட்டறைக்கும் போகட்டும். காசோடு, இங்கே மெசினில் படித்த கைவேலையையும் கொண்டுபோய்க் கொடுப்போம். அங்கே ஒரு பெடியன் வெளிநாடு வர ஏஜென்சிக்குக் காசு கட்டாமல் ஊரிலேயே நிமிர்ந்து நிற்க அது உதவும்.