அற்புதமா? கணக்கா?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



சற்று முன் திரையில் ஒரு படம் காட்டப்பட்டது. ஐந்தரை நிமிஷ நேரம் நாம் எல்லோரும் வண்டு போன்ற ஒரு கறுப்பு உருவத்தின் ஓரத்திற்குள் போய்க்கொண்டே இருந்தோம். சுருளுக்குள் சுருளும் இறகுக்குள் இறகுமாக வந்து, கடைசியில் முதலில் பார்த்த அதே வண்டு குட்டியாக உள்ளே உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டதும் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறைகூற நான் வரவில்லை. மேல்நாட்டில் படித்தவர்களிலேயே சிலர் இந்த உருவத்தைக் கடவுளின் பெருவிரல் ரேகை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ரேகை என்று சொன்னால் அது யார் கை என்று விசாரிக்க வேண்டாமா?

இந்த மாதிரி உருவங்களுக்குப் பிராக்டல் என்று 1975-ல் பெயர் வைத்தவர் மாண்டெல்பிராட் என்கின்ற கணித அறிஞர். நாம் பார்த்த உருவத்திற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதைச் செய்யும் விதி ஒரு வரிதான். ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சைபரில் ஆரம்பியுங்கள். கையில் உள்ளதை அதனாலேயே பெருக்கி, எடுத்துக்கொண்ட எண்ணைக் கூட்டுங்கள். வந்ததை வைத்து மறுபடியும் அப்படியே செய்யுங்கள். 1-ஐ எடுத்துக்கொண்டால் 1, 2, 5, 26, 677 என்று கட்டுக்கடங்காமல் ஓடிவிடும். −1-ஐ எடுத்துக்கொண்டால் −1, 0, −1, 0 என்று செக்குமாடு போல அங்கேயே சுற்றும். ஓடாத எண் உருவத்திற்கு உள்ளே. ஓடுகிற எண் வெளியே.

காகிதத்திலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு என்ற இரண்டு அளவையும் சேர்த்து ஒரே எண்ணாகப் பாவிக்கும் கணக்குமுறை ஒன்று உண்டு. அம்முறைப்படி புள்ளி புள்ளியாகச் சோதிக்கிறார்கள். ஓடாத புள்ளிக்குக் கறுப்பு. ஓடுகிற புள்ளி எத்தனையாவது தடவையில் மையத்திலிருந்து 2 என்ற தூரத்தைத் தாண்டிற்று என்று பார்த்து அதற்குத் தக்க ஒரு வர்ணம். அந்த வர்ணமும் படம் போடுகிறவர் தம் இஷ்டப்படி தெரிந்தெடுப்பதுதான்.

இவ்விதக் கணக்குகளை ஜூலியா, பாத்தூ என்கின்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1918-ம் வருஷ வாக்கில் வெறும் காகிதமும் பேனாவும் கொண்டே ஆராய்ந்தார்கள். 1978-ல் புரூக்ஸ், மாட்டெல்ஸ்கி என்ற இருவர் இந்த உருவத்தை முதன்முதலாகக் கரடுமுரடாக யந்திரத்தில் அச்சடித்தார்கள். 1980-ல் ஐ.பி.எம். ஆராய்ச்சிச் சாலையில் மாண்டெல்பிராட் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். உருவத்தைச் சுற்றித் தூசி போலச் சில புள்ளிகள் தெரிந்தன. இது துண்டு துண்டான உருவம் என்று அவர் முதலில் எண்ணினார். மேலும் சோதித்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டார். மெல்லிய இழைகளால் எல்லாம் ஒன்றாக இணைந்தே இருக்கின்றன என்று 1982-ல் துவாதி, ஹப்பர்டு என்ற இருவர் ருசுப்படுத்தினார்கள். கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லுவார்களே, அது கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

இனி, உள்ளே போவது எப்படி என்று பார்ப்போம். சாதாரணமாகக் கம்ப்யூட்டர் ஓர் எண்ணை 15, 16 இலக்கம் வரையில்தான் சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆகையால் சுமார் பத்து லட்சம் கோடி மடங்கு பெரிதாக்கியவுடன் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு வித்தியாசம் தெரியாமல் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். நாம் பார்த்ததோ 1-க்குப் பின்னால் 100 சைபர் போட்ட அளவு மடங்கு. பிரபஞ்சத்தில் நாம் காணக்கூடிய பகுதியின் அகலத்தை ஒரு புரோட்டானின் அகலத்தால் வகுத்தால்கூட 42 இலக்க எண்தான் வருகிறது!

அவ்வளவு ஆழத்தில் 100-க்கு மேற்பட்ட இலக்கங்கள் வைத்துக் கணக்கிட வேண்டும். ஒரு படத்தில் 20 லட்சம் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான பெருக்கல். யந்திரமும் மலைத்துப் போகும். 2013-ல் மார்ட்டின் என்பவர் இதற்கு ஒரு வழி வெளியிட்டார். ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் எல்லா இலக்கங்களோடும் கணக்கிடுவது. மற்றவை அதற்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்ற சின்ன வித்தியாசத்தை மட்டும் கணக்கிடுவது. நிலம் அளக்கிறவர் ஒரு கல்லின் உயரத்தைத் திட்டமாக அளந்துகொண்டு, மற்ற இடங்களை அந்தக் கல்லிலிருந்து அளக்கவில்லையா? அது போலத்தான்.

இதிலும் தப்பு நேரும். முதற்புள்ளியின் போக்கைவிட்டு வெகுவாக விலகுகிற இடங்களில் பொய்யான திட்டுகள் விழும். ஆனால் இந்த வேலைக்காரர்கள் பொய்யையும் ஒரு அலங்காரமென்று மூடிமறைக்கவில்லை. எது பொய் என்று கண்டுபிடிக்கச் சோதனை ஏற்படுத்தி, அந்த இடத்திற்கு வேறொரு புள்ளியை வைத்து மறுபடியும் கணக்கிடுகிறார்கள்.

கடைசியாக, படத்தை ஓட வைப்பது. இரண்டு மடங்குக்கு ஒரு படமாகப் போட்டால் 100 சைபர் ஆழத்திற்கு சுமார் 332 படங்கள் போதும். ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு செகண்டு, செகண்டுக்கு 30 காட்சி என்றால் ஏறக்குறைய 10,000 காட்சிகள். நடுவில் உள்ளவற்றை இந்த 332-ஐயே சிறிது சிறிதாகப் பெரிதாக்கிச் சேர்த்துவிடுகிறார்கள். ஐந்தரை நிமிஷ அற்புதத்தின் ரகசியம் இவ்வளவே.

"இதனால் சோறு கிடைக்குமா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். கிடைக்காது. இதனால் கடவுள் இல்லை என்று ருசுவாகிவிட்டதென்றும் நான் சொல்லவில்லை. "இவ்வளவு சிக்கலான வேலைப்பாடு இருக்கிறதே, இதைத் திட்டம் போட்டுச் செய்தவன் ஒருவன் இருந்துதானே தீரவேண்டும்?" என்று நம்மை வாயடைக்கிறார்களே, அந்த வாதத்திற்கு மட்டும் இந்த வண்டு பதில் சொல்லுகிறது. இதன் சுருளில் ஒன்றைக்கூட யாரும் வரையவில்லை. பெருக்கு, கூட்டு, மறுபடியும் செய் என்ற ஒரு வரி மாத்திரம் இருந்தது. ஆச்சரியப்படுங்கள், நானும் ஆச்சரியப்படுகிறேன். ஆனால் ஆச்சரியம் வந்தவுடன் கையைக் கூப்பி நின்றுவிடாமல், எப்படி என்று கேளுங்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக இதையும் நம்பிவிடாதீர்கள். இன்று இரவு வீட்டிற்குப் போனதும் உங்கள் பிள்ளைகளின் சிலேட்டை வாங்கி −2-ஐ எடுத்துக் கணக்குப் போடுங்கள். 2-ல் வந்து நின்றுவிடும். பிறகு −2.1-ஐப் போடுங்கள், நான்காவது தடவையிலேயே 8-ஐத் தாண்டி ஓடும். அந்த −2-ல்தான் வண்டின் மூக்கு நுனி இருக்கிறது. அதை நீங்களே கண்டுபிடித்ததாக ஆகும் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.